எண்ணெய் ஊற்றுமுன் ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்

மேட்டூர் அணை திறந்து, கல்லணையைக் கடந்து வாய்க்கால்களில் தண்ணீர் ஏறிவிட்டால், காவிரிப் பாசனப் பகுதியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். நாற்றங்காலில் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும். நடவாட்களுக்குச் சொல்லியாகியிருக்கும். அந்த நாட்களில் சேற்றின் நடுவே ஒரு டிராக்டர் நின்றுபோனால், நஷ்டம் அதன் சொந்தக்காரரோடு முடிவதில்லை. அடுத்தடுத்துக் காத்திருக்கும் சிறு விவசாயிகளின் நடவும் சேர்ந்து தள்ளிப்போகிறது. குறுவைக்கு நாம் போடும் ரகங்கள் 105 முதல் 115 நாட்கள் வயதுடையவை. நடவு பின்தங்கும் ஒவ்வொரு நாளும் அறுவடையை வடகிழக்குப் பருவமழையின் பக்கம் தள்ளுகிறது. ஐப்பசி மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்த நெல்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி நடுவயலில் நின்ற பழைய டிராக்டர் ஒன்றை மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்த்தேன். பின் அச்சிலிருந்து ஒரு பருவம் முழுவதும் எண்ணெய் கசிந்திருக்கிறது. டிரைவர் காலைதோறும் குறைந்ததை ஊற்றி நிரப்பி ஓட்டியிருக்கிறார். பட்டறையில் அடிப்பிளக்கைத் திறந்தபோது எண்ணெய் வரவில்லை. மோர் போல வெளுத்த குழம்பு வந்தது. பேரிங்கும் பற்சக்கரமும் துருவேறித் தேய்ந்திருந்தன.

“ஒழுகினால் என்ன, ஊற்றினால் சரி” என்பது நம் பகுதியில் ஊறிவிட்ட பழக்கம். இதைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. புழுதி உழவில் ஓடும் வண்டிக்கு ஒழுகலால் எண்ணெய்ச் செலவு கூடும். எண்ணெய் அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் அது ஓடும். சேற்றுழவு செய்யும் வண்டிக்கு அது பொருந்தாது. காரணம், எண்ணெய் வெளியே வரும் வழியாகவே தண்ணீர் உள்ளே போகிறது.

தண்ணீர் புகுவது எப்படி?

ஓடி ஓடிச் சூடான அச்சுக்கூட்டினுள் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு வண்டி வயல் தண்ணீரில் இறங்கும்போது கூடு சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியாக வேண்டும். இதற்காகத்தான் கூட்டின் மேற்புறத்தில் பிரீதர் என்னும் மூச்சுத்துளை வைத்திருக்கிறார்கள். அது சேறு அடைத்துக் கிடந்தால், தேய்ந்த சீலின் வழியே சேற்றுத் தண்ணீர்தான் உள்ளே போகும். புதிதாக ஊற்றும் எண்ணெய் இந்தத் தண்ணீரை வெளியேற்றாது. அதனோடு கலந்து கெடும்.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் அடிப்பிளக்கைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது; தேங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். எண்ணெயோடு கலந்துபோயிருந்தால் வெளுப்பாகத் தெரியும். ஐயமிருந்தால் காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் கலந்த எண்ணெய் படபடவென்று வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

ஒழுகும் வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் எண்ணெயும் சேறும் அப்பிக் கிடக்கும். அதைப் பார்த்து எந்த மெக்கானிக்காலும் இடத்தைச் சொல்ல முடியாது. முதலில் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு சமதரையில் நிறுத்தி, கலப்பையைக் கீழே இறக்கிவிட்டு, எல்லா எண்ணெய் அளவுகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, வண்டியின் அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் எந்தத் தாளில், எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டு விழுந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சொட்டு விழும் இடமும் ஒழுகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இரா. எண்ணெய் கீழ்நோக்கி வழிந்து, தாழ்ந்த விளிம்பில் வந்துதான் சொட்டும். ஆகையால் ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கே தேடுங்கள். காய்ந்த இரும்பின் மேல் முகப்பவுடரை மெல்லத் தூவிவிட்டால் கசியும் கோடு பளிச்சென்று தெரியும். கோலமாவைத் தூவ வேண்டாம். அதிலுள்ள கல் துகள் சீலைத் தின்றுவிடும். ஹைட்ராலிக் குழாய்களில் கசிவு தேடும்போது எஞ்சின் ஓடுகையில் கையால் தடவவே கூடாது. அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்கவும் கூடாது.

எந்த இடம், என்ன நோய்?

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலுள்ள கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே சொட்டினால் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். கறுத்து, கருகிய வாடை அடித்தால் அது எஞ்சின் ஆயில். எஞ்சினின் பின்பக்கச் சீல் போயிருக்கிறது. தேன் நிறத்தில், கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில்; கியர் பெட்டியின் முன்தண்டுச் சீல் போயிருக்கிறது. கியருக்கும் ஹைட்ராலிக்கிற்கும் பொதுவான எண்ணெய் உள்ள வண்டிகளில் அது சற்று இளகலாகவும் வாடை குறைந்தும் இருக்கும். இந்தத் துளையைச் சேறு அடைத்துக்கொண்டால் எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கிளட்ச் தட்டை நனைத்து வழுக்கச் செய்யும். சில வண்டிகளில் சேற்றுழவின்போது துளைக்கு மூடி போட்டு, வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறப்பவர்களே அதிகம்.

பின் சக்கரத்தின் உட்பக்கம் நனைந்திருந்தால் அச்சுச் சீலைச் சந்தேகிக்கலாம். உலர்ந்த பிரேக் உள்ள வண்டியில் அந்த எண்ணெய் பிரேக் பட்டையில் ஏறும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் போகும். நெல் மூட்டை ஏற்றிய டிரைலரோடு வாய்க்கால் கரையில் வரும்போது இது உயிருக்கே ஆபத்து.

நான்கு சக்கரமும் உந்தும் டிராக்டர்களில் முன் அச்சுக்கும் தனி எண்ணெயும் தனிச் சீல்களும் உண்டு. அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலும், நைலான் கயிறும், வலைத் துண்டும் முன் சக்கரக் குடத்தில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். மாலையில் அரிவாளால் அதை அறுத்து எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

வெளியில் ஒரு சொட்டும் விழாமல் எண்ணெய் குறைவதும் உண்டு. எஞ்சினால் ஓடும் ஹைட்ராலிக் பம்பின் சீல் தேய்ந்தால், அந்த எண்ணெய் எஞ்சினுக்குள் போய்ச் சேரும். எஞ்சின் ஆயில் அளவு தானாக ஏறினால் மகிழ வேண்டாம். பழைய ஜீப் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதில் கியர் பெட்டியிலிருந்து பின்னாலுள்ள டிரான்ஸ்பர் பெட்டிக்கு நடுத்தண்டின் வழியே எண்ணெய் போய்விடும். ஒன்று வற்ற, மற்றொன்று நிரம்பி வழியும். இரண்டின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சீல் மாற்றியும் மறுபடி ஒழுகினால் சீலைக் குறை சொல்வதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். மூச்சுத்துளை அடைத்திருக்கிறதா? எண்ணெய் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருக்கிறதா? பேரிங் தேய்ந்து தண்டு ஆடுகிறதா? பழைய சீல் உராய்ந்து தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. ஒழுகலைக் குறைக்கக் கெட்டியான எண்ணெயை ஊற்றும் வழக்கமும் தவறு. பொது எண்ணெய் உள்ள வண்டியில் அதனால் ஹைட்ராலிக் தூக்கி மந்தமாகிவிடும்.

வண்டியைப் பிளப்பதற்கு முன்

1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் முதற்கொண்டு, எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் கூடுகளையே ஒன்றோடொன்று பூட்டி முதுகெலும்பாக ஆக்கும் முறை பரவியது. இதனால் கிளட்ச் கூட்டினுள் இருக்கும் சிறிய சீலை மாற்றவும் வண்டியை இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கிறது. சீலின் விலை அற்பம். கூலியும் வேலை நின்ற நாட்களும்தான் பெரிய செலவு. இடம் தெரியாமல் பிளந்துவிட்டுத் தேடுவது வீண். வயிற்றைக் கிழித்துவிட்டு நோயை விசாரிக்கும் வைத்தியரை யாராவது நாடுவோமா?

டிரைவரைக் கேளுங்கள்

நான் சொன்ன அந்த மன்னார்குடிப் பக்கத்து டிரைவரிடம், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். “ஒழுகுதுன்னு சொன்னா வண்டி பட்டறைக்குப் போயிடும் சார். பதினஞ்சு நாள் கூலி போயிடும். ஏச்சும் நான்தான் வாங்கணும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒழுகலை முதலில் பார்ப்பவர் டிரைவர். சொன்னால் கூலி போகும் என்ற நிலை இருக்கும்வரை அவர் எண்ணெயை ஊற்றி மறைக்கத்தான் செய்வார். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்குப் பாதிக் கூலியாவது கொடுப்பது, கியர் பெட்டி ஒன்றை மாற்றுவதைவிட மலிவு. உரிமையாளர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் மீதும் குறை உண்டு. விரிவாக்கப் பணியில் இருக்கும் நாங்கள் ரகத்தையும் உரத்தையும் பற்றி எத்தனையோ கூட்டங்கள் போட்டோம். டிரைவர்களை அழைத்துப் பேசியது குறைவு. வேளாண்மைப் பொறியியல் துறையும், நீடாமங்கலம், சிக்கல் போன்ற இடங்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் டிரைவர்களுக்கென்றே ஒருநாள் முகாம் நடத்த வேண்டும். மரபுப்படி ஜூன் 12 என்றாலும், மேட்டூர் அணை 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தது. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அணை திறக்கும் நாள் நம் கையில் இல்லை. வண்டியைக் கழுவித் தாள் விரித்துப் பார்க்கும் ஓர் இரவு நம் கையில் இருக்கிறது.

ஒரு வார்த்தை கூட. கழிவு எண்ணெயை வாய்க்காலில் கொட்டாதீர்கள். தலைமடையில் கொட்டியது கடைமடைக்காரரின் நாற்றங்காலில்தான் போய்ப் படியும். டின்னில் பிடித்து வைத்துப் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.