வலையை வீட்டில் வைத்துவிட்டு



இந்த வாரத் தியானத்திற்கு மாற்கு 6-ஆம் அதிகாரத்தின் 30 முதல் 33 வரையுள்ள வசனங்களைத் திறந்து வாசியுங்கள். ஊழியத்திற்கு அனுப்பப்பட்ட சீஷர்கள் திரும்பி வந்து, நடந்தவற்றை ஆண்டவரிடம் சொல்லுகிறார்கள். கூட்டமோ ஓயவில்லை, உணவருந்தக்கூட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் ஆண்டவர் அவர்களுக்கு அடுத்த வேலையைக் கொடுக்கவில்லை. தனிமையான இடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைக்கிறார். அவர்கள் படவில் ஏறிப் புறப்படுகிறார்கள்.

இதில் நாம் எளிதாகக் கடந்துபோகிற ஒரு செய்தி உண்டு. அவர்கள் கரை சேருமுன்னே ஜனங்கள் கால்நடையாய் ஓடி அங்கே வந்துவிட்டார்கள். ஆகவே தேடிப்போன இடத்தில் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அன்று அவர்களுக்குக் கிடைத்த ஓய்வெல்லாம் படவில் இருந்த அந்தச் சிறிது நேரந்தான். அவர்களில் சிலர் மீனவர்கள். படவு அவர்களுக்குப் புதியதல்ல. இரவெல்லாம் பாடுபட்ட இடம் அது. பாடுபட்ட அதே இடத்தில் ஆண்டவர் அவர்களை இளைப்பாற வைத்தார்.

குடிகாட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நமக்கு இந்த வேதபகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது. நம்மில் பலருக்குச் சொந்தப் படகு உண்டு. வாசலுக்கு எட்டும் தூரத்தில் உப்பனாறு உண்டு. ஆனால் கணவனும் மனைவியும் வலையில்லாமல், கூடையில்லாமல், வேறு எந்த வேலையுமில்லாமல் அந்தப் படகில் ஒன்றாய் அமர்ந்து ஆற்றில் போய்வந்த குடும்பங்கள் நம் சபையில் எத்தனை?

உலகத்தின் வேறொரு பக்கத்தைச் சற்றுப் பாருங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கடலையொட்டி உள்ளே அமைந்த ஒரு நீண்ட நீர்வழி இருக்கிறது. ஆறுகள், காயல்கள், வெட்டப்பட்ட கால்வாய்கள் ஆகியவற்றை இணைத்து உண்டாக்கியது அது. வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரிலிருந்து புளோரிடாவின் மயாமி வரை அதன் நீளம் ஏறக்குறைய 1,750 கி.மீ. குளிர்காலம் நெருங்கும்போது பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் தங்கள் சொந்தப் படகில் அவ்வழியே தெற்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். வசந்தம் வந்ததும் வடக்கே திரும்புகிறார்கள். மிதிவண்டியின் வேகந்தான். ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் வரைபடம் பார்க்கிறார். மாலையில் ஒரு துறையில் நங்கூரமிடுகிறார்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, ஒருவரையொருவர் மறுபடியும் அறிந்துகொள்ளும் காலமாக அது பலருக்கு அமைகிறது.

"அவர்களிடம் பணம் இருக்கிறது, ஐயா" என்பீர்கள். பலரிடம் இருப்பது உண்மையே. எனினும் லின் பார்டி, லாரி பார்டி என்ற தம்பதியர் தங்கள் கைகளாலேயே கட்டி, 1968-இல் நீரில் இறக்கிய பாய்மரப் படகு 24 அடி நீளந்தான். அதில் இயந்திரமும் இல்லை. அந்தச் சிறு படகிலேயே 11 ஆண்டுகள் பயணம் செய்து அவர்கள் உலகைச் சுற்றிவந்தார்கள். நம் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளில் பல அதைவிட நீளமானவை. ஆகையால் நம்மிடம் குறைவாயிருப்பது படகல்ல.

நம் நாட்டிலும் கடலோரமாக இத்தகைய நீர்வழி ஒன்று உண்டு. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை வரும் பக்கிங்காம் கால்வாய் ஏறக்குறைய 420 கி.மீ. நீளமுடையது. அதன் வேலை 1806-இல் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தார்கள். ஆனால் அன்றைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. பிறகு உப்பும் விறகும் நெல்லும் அதில் போயின. கரையில் நடந்த ஆட்கள் கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். 1934-இல் பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு அவ்வழியே மாமல்லபுரத்திற்குப் படகில் போனதைக் கவிதையாக்கியிருக்கிறார். கால்வாய் வெட்டியவரோ, கயிறு இழுத்தவரோ தம் மனைவியோடு உல்லாசமாய் அதில் போனதாக எழுதுவதற்கு யாரும் இருக்கவில்லை. நம் மண்ணில் நீர்வழி என்றாலே ஒருவருக்குப் பாடு, இன்னொருவருக்குப் பயணம் என்று ஆகிவிட்டது.

தேவனுடைய கட்டளை அப்படியல்ல. ஓய்வுநாளைக் குறித்த பிரமாணத்தை யாத்திராகமம் 20-லும் உபாகமம் 5-லும் கவனித்துப் பாருங்கள். ஓய்வு வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. வேலைக்காரனுக்கும், வேலைக்காரிக்கும், அந்நியனுக்கும், மாட்டுக்கும் அது உரியது. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள்ளும்படி உபாகமம் காரணமும் சொல்லுகிறது. ஆகவே ஓய்வு செல்வந்தரின் ஆடம்பரம் அன்று. உழைப்பவர்களுக்கென்றே தேவன் எழுதிக்கொடுத்த உரிமை.

இப்பொழுது நம் வீடுகளுக்கு வருவோம். படகு வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது? பல வீடுகளில் மனைவியின் தாலிச் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயிருக்கும். அல்லது மகளிர் குழுவில் அவள் பெயரில் கடன் எடுத்திருப்பீர்கள். வட்டியை வாரந்தோறும் கட்டுகிறவளும் அவளே. கரையில் மீனைத் தரம் பிரிப்பதும், முதுநகர் துறைமுகத்திலிருந்து கூடை சுமந்து விற்பதும் அவளே. ஆனால் அந்தப் படகில் அவள் ஒருமுறையேனும் உட்கார்ந்ததுண்டா? நம் கரையில் பெண்கள் படகேறிக் கடலுக்குப் போவது வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும், பாதி அவளுடையதாயிருக்கும் படகைக் கரையில் நின்று மட்டுமே பார்க்கும்படி ஒரு பெண்ணை வைத்திருப்பது நியாயந்தானா என்று கணவன்மார்கள் சிந்திக்க வேண்டும்.

வழக்கம் மாறாதது அல்ல. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் சேட்டுவா கரையைச் சேர்ந்த கே. சி. ரேகா தம் கணவர் கார்த்திகேயனோடு சேர்ந்து, தங்கள் படகில் கடலில் மீன்பிடிக்கிறவர். ஆழ்கடலில் மீன்பிடிக்க உரிமம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று 2017-இல் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவரைக் கௌரவித்தது. அவர் போனது உல்லாசத்திற்கல்ல. குடும்பத்தின் தேவை அவரைப் படகேற்றியது. வேலைக்காக ஒரு மனைவி கணவனோடு படகேறலாம் என்றால், இளைப்பாறுதலுக்காக ஏறக்கூடாதா?

வேதத்திலும் அப்படி ஒரு தம்பதியர் உண்டு. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தில் பவுலோடு அவர்கள் கப்பலேறி எபேசுவுக்குப் போகிறார்கள். வேதம் அவர்களை எங்கும் தனித்தனியே குறிப்பிடுவதில்லை. தொழிலிலும், பயணத்திலும், ஊழியத்திலும் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. நம் வீடுகளைக் குறித்து அப்படிச் சொல்லமுடியுமா?

சிலர் ஒரு வசனத்தை எடுத்துக்காட்டுவார்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற கருத்தில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதவில்லையா என்பார்கள். எழுதினார், ஆனால் அது வேலைக்கு மனதில்லாதவனைக் குறித்தது. விடியற்காலம் 3 மணிக்கு எழுந்து வலை இழுக்கிறவனுக்கும், சிப்காட்டில் இரவு முறை வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கும், கூடையைத் தலையில் வைத்து வெயிலில் நடக்கிறவளுக்கும் எழுதப்பட்டதல்ல. ஓயாமல் உழைப்பதுதான் பரிசுத்தம் என்று எண்ணினால், படவின் பின்னணியத்தில் தலையணை வைத்து நித்திரை செய்த ஆண்டவரை எங்கே வைப்பது?

இதை மீனைக் கொண்டே சொல்லுகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும்படி அரசாங்கம் அந்தக் காலத்தை ஒதுக்கியிருக்கிறது. கடலுக்கு ஓய்வு கொடுத்தால்தான் கடல் பலன் கொடுக்கும் என்பதை நாம் ஏற்றுக்கொண்டோம். 30 ஆண்டு காலத் தாம்பத்தியத்திற்கு ஒரே ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்க மாத்திரம் நமக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகள் திருமணமாகிப் போனபின், ஒரே வீட்டில் இருக்கும் கணவனும் மனைவியும் கறி என்ன, கடன் எவ்வளவு என்பதற்குமேல் பேச வார்த்தையில்லாமல் இருப்பதைச் சபைச் சந்திப்புகளில் காண்கிறேன். அவர்களிடையே சண்டை இல்லை, துரோகமும் இல்லை. பேசிப் பழகும் நேரத்தை ஒருவருக்கொருவர் கொடுக்கவில்லை, அவ்வளவே. இது சிறிய காரியமல்ல. முதுமையில் ஒருவருக்கு மற்றவர்தான் துணை. அந்தத் துணை அன்னியமாய்ப் போய்விட்டால் யாரிடம் போவோம்?

மற்றொரு மறுப்பும் என் காதில் விழுகிறது: "அந்த ஆற்றில் போய் என்ன காண்போம், ஐயா? நாற்றந்தானே!" இது மெய்யான மறுப்பு, இதை நான் தள்ளிவிடமாட்டேன். கடலுக்கு இணையாக ஓடி, கடலூர் துறைமுகத்தின் அருகே கடலில் கலக்கும் உப்பனாறும் ஒரு கடலோர நீர்வழியே. அதன் ஓரமாகத் தொழிற்பேட்டை எழுந்தது. 2004-இல் நம் சுற்றுவட்டார ஊர்களின் ஜனங்களே காற்றின் மாதிரிகளைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை அளவிட்டபோது, கடலூருக்கு 100-க்கு 77.45 என்ற மதிப்பெண் வந்தது. 70-ஐத் தாண்டினால் கடுமையாக மாசடைந்த பகுதி என்று அர்த்தம். ஆலைகளால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது உண்மை. அந்த வேலை பார்த்தவன் மாலையில் மனைவியோடு உட்காரவேண்டிய ஆற்றங்கரை கெட்டுப்போனதும் உண்மை.

அப்படியானால் ஆற்றை விட்டு விலகி நிற்பதா? நான் அதற்கு நேர்மாறாகவே நினைக்கிறேன். ஒருவரும் போகாத ஆற்றுக்காக ஒருவரும் பேசுவதில்லை. வலையோடு போகும்போது கண் மீனை மாத்திரம் பார்க்கும். வலையில்லாமல் போகும்போதே நீரின் நிறத்தையும், கரையில் கொட்டப்பட்டதையும், இன்னும் எஞ்சி நிற்கிற கண்டற் செடிகளையும், அவற்றில் வந்து அமரும் கொக்கையும் பார்க்கும். தெற்கே பிச்சாவரத்தில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் சதுப்புநிலக் காட்டினூடே படகில் போவதற்கு வெளியூரார் பணம் கொடுத்து வருகிறார்கள். அந்த அழகு நம் ஆற்றுக்கு மறுக்கப்பட்டதல்ல. எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தின் தரிசனத்தில், ஆறு பாய்ந்த இடமெல்லாம் கெட்ட நீர் ஆரோக்கியமாகிறது. அதன் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் நிற்கிறார்கள். நதி சுகமாவதும் மீனவன் வாழ்வதும் தேவனுடைய திட்டத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. அதற்காக ஜெபிப்பதோடு, கிராமசபையில் எழுந்து கேட்பதும், மனுவில் கையெழுத்திடுவதும் விசுவாசியின் கடமையே.

ஆகவே சபையாருக்கு என் ஆலோசனை இது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனையும் மதிய உணவும் முடிந்த பிறகு, கணவனும் மனைவியும் உங்கள் படகில் உப்பனாற்றில் போய் வாருங்கள். வலை வீட்டில் இருக்கட்டும்; கைபேசி பையில் இருக்கட்டும். வானிலையும் ஏற்றமும் வற்றமும் பார்த்துப் புறப்படுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேண்டாம். முகத்துவாரத்தின் பக்கம் போகவேண்டாம், உயிர்காப்பு உடையை இருவரும் அணியுங்கள், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். படகு இல்லாதவர்களைப் படகுள்ளவர்கள் அழைத்துப்போங்கள். கணவனை இழந்த தாய்மாரை அவர்கள் பிள்ளைகள் கூட்டிப்போகட்டும். தன் நகையை விற்று வாங்கிய படகில் அம்மா ஒருமுறை அமர்ந்தாள் என்ற நிறைவு பிள்ளைகளுக்கும் வேண்டும்.

பேச ஒன்றும் தோன்றாவிட்டாலும் கவலையில்லை. துடுப்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் சும்மா இருங்கள். சீஷர்கள் அன்று படவில் என்ன பேசினார்கள் என்று மாற்கு நமக்குச் சொல்லவில்லை. ஆண்டவர் அவர்களோடிருந்தார் என்பது மாத்திரம் தெரியும்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, உழைத்துக் களைத்த உமது பிள்ளைகளுக்கு இளைப்பாறுதலைத் தாரும். ஒரே வீட்டில் இருந்தும் தூரமாய்ப் போனவர்களை மறுபடியும் அருகில் கொண்டுவாரும். நீர் எங்களுக்குக் கொடுத்த ஆற்றைக் குணமாக்கும். அதைக் காக்கும் பொறுப்பை எங்கள் கைகளிலும், அதிகாரத்தில் இருப்பவர்களின் இருதயத்திலும் வையும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.