எஸ்.ஓ.எஸ்ஸுக்கு விரிவாக்கம் கிடையாது

பொது அறிவுக் கையேடுகளில் ‘சுருக்கமும் விரிவாக்கமும்’ என்றொரு பக்கம் தவறாமல் இருக்கும். ஏ.டி.எம்., யுனெஸ்கோ, ஐ.எஸ்.ஆர்.ஓ. என்று போகும் அந்தப் பட்டியலில் எஸ்.ஓ.எஸ்ஸும் உட்கார்ந்திருக்கும். எதிரே, ‘சேவ் அவர் சோல்ஸ்’, அதாவது எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள். பள்ளி வினாடி வினாவில் இதைக் கேட்டால் கேள்வி முடிவதற்குள் பத்துக் கைகள் உயரும். மூழ்கும் கப்பல், இருட்டுக் கடல், தந்திக்காரரின் கடைசி மன்றாடல் என்று சினிமாவுக்கு ஏற்ற காட்சியும் சேர்ந்துகொள்வதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஏனென்றால் இந்த விரிவாக்கம் பிற்பாடு ஒட்டவைத்தது. ஒட்டவைத்தவர்களுக்குள்ளேயே உடன்பாடும் இல்லை. ‘சேவ் அவர் ஷிப்’ என்கிறார் ஒருவர். ‘சென்ட் அவுட் சக்கர்’, அதாவது உதவி அனுப்பு என்கிறார் இன்னொருவர். ஒரு குழந்தைக்கு மூன்று பேர் தகப்பன் என்று வந்தால் பஞ்சாயத்து என்ன கேட்கும்? பிறந்த இடத்தையும் தேதியையும் கேட்கும். நாமும் கேட்போம். 

பிறந்த இடம் ஜெர்மனி. 1905 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் அரசின் கம்பியில்லாத் தந்தி விதிகளில் மூன்று புதிய குறிகள் இருந்தன. ஒன்று, மற்ற நிலையங்களைப் பேசாமல் இருக்கச் சொல்வது. அடுத்தது ஆபத்துக் குறி: மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. மூன்றாவது, பக்கத்தில் எந்த நிலையம் இருக்கிறது என்று தேடுவதற்கானது: மூன்று புள்ளி, மூன்று கோடு, ஒரே ஒரு புள்ளி.

தன் நாட்டுக் கப்பல்களுக்கு விதி எழுதும் ஜெர்மன் அதிகாரி ஆங்கிலத்தில் மன்றாட வேண்டிய அவசியம் என்ன? அதே வேண்டுதலை அவர் மொழியில் வைத்தால் ‘ரெட்டெட் உன்ஸெரெ ஸேலென்’ என்று வரும். முதலெழுத்தெடுத்தால் ஆர்.யு.எஸ்.தான் மிஞ்சும். இன்னொன்றையும் பாருங்கள். மூன்றாவது குறியை எழுத்தாகப் படித்தால் எஸ்.ஓ.இ. வரும். ஆபத்துக் குறிக்கு ஒரு வாக்கியம் இருந்தால் அதே பக்கத்தில் பிறந்த அதன் தம்பிக்கும் ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? அதற்கு யாரும் விரிவாக்கம் சொல்வதில்லை. தம்பி பிரபலமாகவில்லை, அவ்வளவுதான்.

மறு ஆண்டு பெர்லினில் பல நாடுகள் கூடின. 1906 நவம்பர் 3 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்த ஆபத்துக் குறி உலகத்துக்கே பொதுவானது. 1908 ஜூலை 1 முதல் அமலுக்கும் வந்தது. அந்த ஒப்பந்தத்தில் குறி புள்ளியும் கோடுமாகத்தான் அச்சாகியிருக்கிறது. குறுகிய இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்று விதி. உயிர், கப்பல், காப்பாற்று என எந்தச் சொல்லும் அதன் விளக்கமாக அங்கே வரவில்லை.

‘சரி, வாக்கியம் வேண்டாம். எஸ், ஓ, எஸ் என்று மூன்று எழுத்தாவது உண்டே’ என்பார்கள். அதுவும் சரியில்லை. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

மோர்ஸ் தந்தியில் ஓர் எழுத்து முடிந்து அடுத்தது தொடங்கும்போது சின்ன இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிதான் எழுத்தைப் பிரிக்கிறது. ஆபத்துக் குறியில் அது கிடையாது. டிட் டிட் டிட் டா டா டா டிட் டிட் டிட் என்று ஒன்பது தட்டும் ஒரே மூச்சில் போகும். இடைவெளியே இல்லாத ஒன்றை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். முதல் நான்கைச் சேர்த்தால் ‘வி’, அடுத்த ஒரு கோடு ‘டி’, மிச்சம் ‘பி’. ஆக வி.டி.பி. என்றும் அதைப் படிக்கலாம். வேறு விதமாக வெட்டினால் ஐ.ஜே.எஸ்., இன்னொரு விதமாக எஸ்.எம்.பி. இரண்டே துண்டாக வெட்டினால் ‘வி’யும் ஏழாம் எண்ணும். எல்லாமே சரியான வாசிப்புதான். அவற்றில் நாவுக்கும் நினைவுக்கும் சுலபமானது எஸ்.ஓ.எஸ்., அதனால் அந்தப் பெயர் நிலைத்தது. பெயர் வைத்தது குறியைக் கூப்பிடுவதற்கு. குறி பிறந்தது அந்தப் பெயரிலிருந்து அல்ல.

அமெரிக்காவில் கதை இன்னும் வேடிக்கை. அங்கே கரையோரக் கப்பல்கள் பலவற்றில் பழைய அமெரிக்க மோர்ஸ் முறை புழக்கத்தில் இருந்தது. அதில் மூன்று கோடு ‘ஓ’ அல்ல, ஐந்தாம் எண். அதனால் சில தந்திக்காரர்கள் இதே ஆபத்துக் குறியை ‘எஸ் ஐந்து எஸ்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்தில் எந்த உயிர் இருக்கிறது?

அப்படியானால் இந்த ஒன்பது தட்டு எதற்கு? காதுக்காகத்தான். அந்தக் காலத்துக் கருவி தீப்பொறி பறக்கவிட்டு அலையை எழுப்புவது. கேட்பவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இரைச்சலுக்குள்ளே குறியைத் தேடுவார். மின்னல், பக்கத்துக் கப்பலின் வணிகச் செய்தி, கரை நிலையம் என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அந்தக் கூச்சலில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும் நீண்ட குறி, விடாமல் திரும்பத் திரும்ப வந்தால், பாதியில் கேட்கத் தொடங்கியவருக்கும் பிடிபடும். தாளம் தெரிந்தவருக்கு மிருதங்கத்தின் ஓர் ஆவர்த்தனம் போதும், சாகித்தியம் தேவையில்லை. அதைப் போலத்தான் இதுவும். ஜெர்மன் தெரியாத நார்வேக்காரருக்கும் ஆங்கிலம் தெரியாத ஜப்பானியருக்கும் ஒன்றுபோல் புரிய வேண்டிய குறிக்குச் சொல்லைக் கொடுத்தால் அது பலம் இல்லை, பலவீனம்.

டைட்டானிக்கையும் விட்டுவைக்க முடியாது. ‘முதன்முதலில் எஸ்.ஓ.எஸ். அனுப்பிய கப்பல் அதுதான்’ என்பது அடுத்த வாதம். டைட்டானிக் மூழ்கியது 1912 ஏப்ரல் 15 அதிகாலை. அதற்கு மூன்று வருடம் முந்தியே, 1909 ஜூனில் அசோர்ஸ் தீவுகளில் தரைதட்டிய ‘ஸ்லவோனியா’ இந்தக் குறியை அனுப்பியதாகச் சொல்கிறார்கள். அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்கக் கரையருகே ‘அரபஹோ’ அனுப்பியது. டைட்டானிக்கின் தந்திக்காரர் ஜாக் பிலிப்ஸ் அன்றிரவு முதலில் தட்டியது எஸ்.ஓ.எஸ்ஸே அல்ல, சி.கியூ.டி. மார்க்கோனி நிறுவனத்தின் ஆட்களுக்குப் பழகியிருந்தது அதுதான். ‘புதுக் குறியை அனுப்பிப் பாரேன், இனிமேல் அதற்கு வாய்ப்புக் கிடைக்குமோ என்னமோ’ என்று உடனிருந்த ஹரால்ட் பிரைட் கேலியாகச் சொன்னதாகவும், அப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றி அனுப்பியதாகவும் உயிர்தப்பிய பிரைடே பின்னர் கூறினார். நான்கு வருடமாகச் சட்டத்தில் இருந்த குறி அவர்களுக்கு அப்போதும் ‘புது’க் குறி.

சி.கியூ.டி.க்கும் ஒரு விரிவாக்கம் உலவுகிறது. ‘கம் குவிக், டேஞ்சர்’, சீக்கிரம் வா, ஆபத்து என்று. தந்தி ஆபீஸ்களில் சி.கியூ. என்றால் ‘எல்லா நிலையங்களுக்கும்’ என்று அர்த்தம். 1904இல் மார்க்கோனி நிறுவனம் அதன் வாலில் ஆபத்தைக் குறிக்க ஒரு ‘டி’ சேர்த்தது. ‘எல்லோருக்கும்: ஆபத்து’, அவ்வளவே. ஆக இரண்டு குறிக்கும் ஒரே நோய். முதலில் எழுத்து வருகிறது, பிறகு யாரோ அதற்கு வாக்கியம் தைக்கிறார்கள்.

பேச்சு வானொலிக்கு வந்த ‘மேடே’ இன்னொரு வேடிக்கை. பேசும்போது எஸ் என்ற ஒலி இரைச்சலில் தேய்ந்துபோகும். அதனால் 1927 வாஷிங்டன் ஒப்பந்தம் ‘மேடே’யை ஏற்றது. பிரெஞ்சில் ‘எனக்கு உதவு’ என்பதன் உச்சரிப்பு அது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொடியேற்றிக் கொண்டாடிய மே தினத்துக்கும் இதற்கும் ஓசை தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இனி, ‘தப்பாகவே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?’ என்ற கடைசி வாதம். இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையாக மறுக்கிறேன்.

எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்து கடலில் மட்டும் இல்லை. ஆஸ்திரியாவில் 1949இல் ஹெர்மன் க்மைனர் ஆதரவற்ற குழந்தைகளுக்காகத் தொடங்கிய அமைப்பின் பெயரில் இருக்கிறது. சென்னையிலும் அதன் குழந்தைகள் கிராமம் உண்டு. அங்கே அந்த எழுத்துகள் ‘சொசியெட்டாஸ் சோசியாலிஸ்’ என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தவை. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவலன்’ செயலியில் இருந்தது. சிக்னல் போன ஐபோனின் மேல் மூலையில் இருக்கிறது. இந்த இரண்டும் கடல் குறியிலிருந்து கரையேறியவை. சுருக்கங்கள் இப்படித்தான் வாழும். நம் வீட்டு டி.டி.எஸ்ஸையே பாருங்களேன். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ்காரர் சொன்னால் தண்ணீரில் கரைந்த உப்பு, ஆடிட்டர் சொன்னால் சம்பளத்தில் பிடித்த வரி, டாக்டர் எழுதினால் தினம் மூன்று வேளை. ஒன்றின் விரிவாக்கத்தை இன்னொன்றின் மேல் யாரும் போடுவதில்லை. எஸ்.ஓ.எஸ்ஸுக்கு மட்டும் போடுகிறோம்.

போடுகிற இடம் மருந்துச் சீட்டு. காய்ச்சலுக்குப் போனால் சீட்டில் ஆன்டிபயாட்டிக்குக்கு எதிரே ‘1-0-1’ என்று இருக்கும், காலையும் இரவும். கீழே பாராசிட்டமால் 650, அதற்கு எதிரே எஸ்.ஓ.எஸ். மெடிக்கல் ஷாப்காரர் கவரின் மேல் ஒன்றையும் பூஜ்யத்தையும் எழுதுவார், எஸ்.ஓ.எஸ்ஸை மட்டும் அப்படியே காப்பியடித்துக் கொடுத்துவிடுவார். அது ‘ஸி ஓபுஸ் ஸிட்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். கப்பல் இல்லை, உயிர் போராட்டம் இல்லை. தலைவலித்தால் போடு, இல்லாவிட்டால் விடு.

ஆனால் பள்ளியில் ‘உயிரைக் காப்பாற்று’ என்று மனப்பாடம் செய்தவர் வீட்டில் அதை எப்படிப் படிப்பார்? ஒருவர் பயந்துபோய், ‘ஏதோ அவசர மருந்து எழுதியிருக்காங்க, ரொம்ப முடியலைன்னாதான் தொடணும்’ என்று நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலோடு மாத்திரையைப் பெட்டியிலேயே வைத்திருப்பார். இன்னொருவர் அதை முக்கியமான மருந்தென்று எண்ணி, மற்றவற்றோடு சேர்த்து மூன்று வேளையும் முழுங்குவார். எழுதியவர் சொன்னது இந்த இரண்டும் அல்ல.

பாராசிட்டமால்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு. 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறுக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினம் குடிப்பவர்களுக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதும்போது எவ்வளவு தேவைப்பட்டால், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை. இரண்டாயிரம் வருடத்து லத்தீனில் மூன்றெழுத்து எழுதி முடித்துவிட்டால் அது நோயாளிக்குச் சொன்னதாகாது.

கடலில் அந்தக் குறியின் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்களில் மோர்ஸ் கட்டாயம் இல்லை. ஆபத்தென்றால் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள், கப்பலின் அடையாள எண்ணும் இருக்குமிடமும் தானே போய்ச் சேர்கின்றன. நம் மீனவர்கள் கடலோரக் காவல்படையை அழைக்க 1554 என்ற எண் இருக்கிறது. பொது அறிவுக் கையேட்டில் அச்சிட வேண்டியது அந்த எண். எஸ்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்து இன்று நம் கைக்கு வருவது பெரும்பாலும் மருந்துச் சீட்டு வழியாகத்தான், அதுவும் வேறொரு பொருளில்.

அடுத்த முறை சீட்டில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். ‘இதை எப்போ போடணும், எத்தனை மணி நேரம் விட்டுப் போடணும், ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல கூடாது?’ என்று மூன்றையும் கேளுங்கள். பதிலைக் கவரின் மேலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.