காணா முகிலும் கருதல் அளவையும்

பொருளை அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என வகுத்தனர் நம் முன்னோர். கண்ணாற் கண்டறிவது காண்டல். புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் தெளிவது கருதல். அறிந்தோர் சொல்லக் கேட்டுக்கொள்வது உரை. நம் பாடசாலைகளில் இம்மூன்றனுள் உரையே தனியாட்சி செய்கின்றது. ஆசிரியர் சொல்ல மாணாக்கர் எழுதுகின்றனர். எழுதியதைப் பரீட்சை மண்டபத்தில் இறக்கிவைத்து வெறுங்கையராய் மீள்கின்றனர். கருதலுக்கும் வகுப்பில் இடம் வேண்டும் என்பது என் கருத்து. அதன் ஆற்றலுக்கு வானியலிலிருந்து ஒரு சான்று காட்டுவேன். தமிழாசிரியனுக்கு வானியலில் என்ன வேலை என்பார்க்கு, அளவை நூல் தமிழுக்கும் உரியது என்பதே விடை.

விண்மீன் திரள்களுக்கு இடைப்பட்ட பெருவெளியில் ஐதரசன் வாயு மிக மெலிதாய்ப் பரந்துள்ளது. அது பெரும்பாலும் கண்ணுக்கோ கருவிக்கோ நேரே புலப்படுவதில்லை. ஆயினும் அதன் அகலத்தை அறிஞர் கணித்துள்ளனர். எங்ஙனம்?

திம்புள்ளப் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. இருண்ட இரவில் எதிர்மலை லயத்தில் இரண்டு விளக்குகள் எரிகின்றன என்க. இடையே எழும் பனிமூட்டம் இருளில் தெரியாது. விளக்குகளுள் ஒன்று மட்டும் மங்கினால் பனித்திரை சிறிதென்போம். இரண்டும் ஒருங்கே மங்கினால், திரை நிற்கும் இடத்தில் இரு கதிர்களுக்கும் இடைப்பட்ட தூரமேனும் அதற்கு அகலம் உண்டென்போம்.

விண்ணில் அவ்விளக்குகளாய் நிற்பவை குவாசர்கள். அவற்றின் பெருந்தொலைவு 1963இல் தெரியவந்தது. அவ்வொளி வரும் வழியிலுள்ள ஐதரசன், 121.6 நனோமீற்றர் அலைநீளத்தை விழுங்கிவிடுகின்றது. அண்டம் விரிவதால், ஒவ்வொரு முகிலும் தன் தொலைவுக்கேற்ப நிறமாலையில் வெவ்வேறு இடத்தில் கருங்கோடு இடுகின்றது. வானில் அருகருகே தோன்றும் இரு குவாசர்களின் நிறமாலைகளில், ஒரே இடத்தில் கோடுகள் காணப்படின், ஒரே முகில் இரண்டையும் மறைத்ததெனக் கொள்ளலாம். தற்செயலாய்ப் பொருந்தக்கூடிய கோடுகளைக் கணக்கிட்டு விலக்கிய பின்னரே இம்முடிவு நிற்கும். 1994இல், ஏறத்தாழ 9.5 வில்செக்கன் இடைவெளியுள்ள குவாசர் இணையொன்றை ஆராய்ந்தோர், முகில்களின் அகலம் பல இலட்சம் ஒளியாண்டு எனக் கண்டனர். நம் பால்வீதியின் குறுக்களவோ ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டே.

அறிவு அங்கேயும் தேங்கவில்லை. தனித்தனி உருண்டைகளாய் எண்ணப்பட்ட முகில்கள், அண்டமெங்கும் ஓடும் வலை போன்ற அமைப்பின் இழைகள் என்ற கருத்துப் பின்னர் வலுப்பெற்றது. பூனா வானியல் மையத்தின் ஆர். ஸ்ரீஆனந்தும் அவர்தம் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அருகருகே தோன்றும் மும்மூன்று குவாசர்களை ஒப்புநோக்கி அவ்வாயுவின் பரவலை ஆராய்ந்தனர். விளக்கு ஒன்று கூடக் கருதலும் கூர்மை பெறுகின்றது.

“பல இலட்சம் ஒளியாண்டு” என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் அது வெறும் உரை. வழியைக் காட்டின் அஃது அறிவு. உரையை மட்டும் பெற்ற பிள்ளை, நாளை அத்தொகை திருத்தப்படும்போது திகைப்பான். வழியை அறிந்தவன் தானே திருத்துவான். விலையுயர்ந்த ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலைக்கும் எதிர்மலை விளக்குகள் உண்டு.

ஆதலின், நம் கல்லூரி யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பாடம் எதுவாயினும், அதன் முடிவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, “இதனை எங்ஙனம் அறிந்தோம்?” என்று மாணாக்கரை வினவுங்கள். மாணாக்கரே, ஆசிரியர் வினவ மறந்தால் நீங்கள் வினவுங்கள்.