திணறினால்தான் படிப்பா?

நிரல் எழுத வருகிறவர் முதலில் தன் கணினியில் எல்லா மென்பொருளையும் தானே நிறுவ வேண்டும், அந்தத் திணறலில்தான் படிப்பு வரும் என்ற நம்பிக்கை நம் ஆய்வகங்களில் வேரூன்றிவிட்டது. விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) அனுபவசாலிகளின் கருவி, புதியவருக்கு எதற்கு என்பது அதன் மறுபக்கம். இரண்டையும் நான் மறுக்கிறேன். பழைய பாடக்குறிப்பைப் பார்த்து எழுதும் மாணவியை எண்ணிப்பாருங்கள். அதிலுள்ள மைஎஸ்க்யூஎல் இணைப்புக் கட்டளை, 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டது. புதிய பதிப்பை நிறுவியவளுக்குக் கிடைப்பது பிழைச்செய்தி மட்டுமே. நகரத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் குடும்பத்துக்கே முதல் கணினியைத் திறந்திருப்பவள் யாரிடம் கேட்பாள்? பதிப்பின் குற்றத்தைத் தன் குற்றமாக எடுத்துக்கொண்டு, 'எனக்கு இது வராது' என்று ஒதுங்குகிறாள். திணறல் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

இதற்கு விடை புதிதல்ல. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் 2007-லும், அந்த உள்கணினியை ஒரு சிறு உரைக்கோப்பிலிருந்து எழுப்பும் வேக்ரன்ட் 2010-லும் வந்துவிட்டன. எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, என்னென்ன மென்பொருள் என்று கோப்பில் எழுதி ஒரே கட்டளை கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே சூழல் கிடைக்கும். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி எழுப்பலாம். பகிர்வுக் கோப்புறையில் வைத்த நிரல் பத்திரமாக இருக்கும். பதிப்பு எண்களைத் தவறாமல் குறிப்பிட வேண்டும். 'புதியது எதுவோ அது' என்று விட்டால் அடுத்த ஆண்டு அதே கோப்பு வேறொரு கணினியைத் தரும்.

மடிக்கணினி தாங்காது என்பார்கள். திரைமுகப்பு இல்லாத லினக்ஸ் சேவையகத்துக்கு 1 ஜிபி நினைவகம் போதும். 4 ஜிபி உள்ள கணினியில் ஓடும். 2 ஜிபி கணினியில் சிரமம்தான், மறுக்கவில்லை. இணையம் போதாது என்ற கவலைக்கும் வழியுண்டு: எல்லாம் ஏற்றிய உள்கணினியை ஒரே கோப்பாக்கிப் பென்டிரைவில் கொடுக்கலாம். கனமான வாதம் வேறொன்று: நிறுவத் தெரியாதவர் எப்படிப் பொறியாளராவார்? நிறுவலை ஒருவரும் மறைக்கவில்லை. ஒவ்வொரு படியும் அந்த உரைக்கோப்பில் வரிவரியாக இருக்கிறது. முதல் நிரல் ஓடிய தைரியத்தோடு இரண்டாம் பருவத்தில் அதைப் படிக்கட்டும், ஒரு வரியை மாற்றிப் பார்க்கட்டும். உடைந்தாலும் நட்டமில்லை என்று தெரிந்தவர்தான் துணிந்து சோதிப்பார்.

இந்த மண்ணுக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது வில்லியனூரே நடுவமாக இருந்தது. தகவல் அங்கே திரட்டப்பட்டு எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குப் போனது; மீனவர்களுக்கு அலை உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. தொழில்நுட்பச் சுமையை நடுவம் ஏற்றதால், ஊர் மக்கள் பயனில் கவனம் வைக்க முடிந்தது. அதே பொறுப்பை இன்று கணினித் துறைகள் ஏற்கட்டும். ஆசிரியர்களே, பருவம் தொடங்குமுன் சோதித்துப் பார்த்த ஒரே ஒரு கோப்பை ஆயத்தம் செய்யுங்கள். முதல் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவர் கையிலும் அதைக் கொடுத்துவிடுங்கள்.