உண்டைவில்லை மறக்கலாமோ?

சென்னை அசோக் நகரில் நான்கு அரிமாக்கள் முதுகு சேர்ந்தமர்ந்த தூண் ஒன்று நிற்கின்றது. நாள்தோறும் எண்ணற்றோர் அதனைக் கடந்து செல்கின்றனர். அத் தூணுக்குரிய வடபுலப் பேரரசன் அசோகன், முடிசூடிப் பத்தாண்டு கழிந்தபின் அரசர்க்குரிய வேட்டைச் செலவைக் கைவிட்டதைத் தன் எட்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்தான். தன் ஆட்சிக்கு அடங்காத சோழரையும் பாண்டியரையும் இரண்டாம் கல்வெட்டில் பெயர் சுட்டினான். வேட்டையை விட்டவன் பெயர் ஒரு நகர்க்கே நிலைத்துவிட்டது. வேட்டைக் கருவியை அறிவோடு வடித்த தமிழன் அதற்கிட்ட பெயர்களோ அந் நகர்த் தெருக்களில் கேட்கப்படுவதில்லை. 'உண்டைவில் யாது?' என்று அங்குள்ள இளைஞரை வினவின் விடை பகர்வோர் எத்துணையர்?

வில் என்றவுடன் போர்வில்லையே எண்ணுதல் இன்றைய வழக்கம். யானைக்குரிய வில் வேறு. முயலுக்கும் கவுதாரிக்கும் உரிய வில் வேறு. படைச்செருக்கைப் பாடிய வள்ளுவர், முயலை எய்து வீழ்த்தியவனினும் யானைமேல் எறிந்து தவறியவனையே உயர்த்துகின்றார். அது மறவனை அளக்கும் அளவை. வேட்டுவன் குடிலில் உலைப்பானை காத்திருந்ததோ முயலுக்குத்தான்! வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில், வல்வில் ஓரி விடுத்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது. யானையைச் சொன்ன வாயால் உடும்பையும் சொல்லப் புலவர் தயங்கவில்லை.

சிற்றுயிர் வேட்டைக்கு வில் தேர்வோன் முதற்கண் நோக்கத்தக்கது வலிமை அன்று; குறி தவறாமையே. முயல் சிறிது, விரைந்தோடும், புதரில் மறையும். தன் ஆற்றலுக்கு மிஞ்சிய வில்லை வளைப்பவன் கை நடுங்கும்; கை நடுங்கின் குறி பிழைக்கும். ஆகலின் இழுத்து அசையாது நிறுத்தத்தக்க மெல்விசை வில்லே ஏற்றது. நெடுவில் புதர்க்காட்டில் கிளைகளிற் சிக்கும். மிகக் குறுகிய வில்லோ இழுப்பின் முடிவில் கடுத்து முறியவுங்கூடும். எய்பவன் கைந்நீளத்திற்கு ஏற்ற இடைப்பட்ட நீளமே தக்கது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, நிழலில் உலர்த்தி, அதன் புறத்தோல் எய்பவனுக்கு அப்புறம் அமையச் செதுக்குதல் முறை. நாணுக்கு மரல் நார் உதவிற்று. மேலைநாட்டாரும் அச் செடியினத்தை வில்நாணோடு சேர்த்தே பெயரிட்டழைக்கின்றனர். அம்பும் கூரியதாக வேண்டுவதில்லை. கூரம்பு சிற்றுயிரை ஊடுருவிப் புல்லில் மறைந்துபோம். முனை மழுங்கிய மொட்டம்போ அடித்து வீழ்த்தும், ஊனையும் சிதைக்காது.

இவை அனைத்தினும் சிறு பறவைக்கு ஏற்றது உண்டைவில். அதற்கு நாண் இரண்டு. இரண்டின் நடுவே சிறு பை. அப் பையில் களிமண் உருண்டையை வைத்து இழுத்து விடுப்பர். விடுக்குங்கால் வில்பிடித்த கையைச் சற்றே திருப்புதல் வேண்டும். இன்றேல் உருண்டை தன் கட்டைவிரலையே தாக்கும். வடவர் இதனைக் 'குலேல்' என்பர். நமக்கோ உண்டை என்பதும் வில் என்பதும் சேர்ந்து பொருள் விளங்க அமைந்த சொல் உண்டு. மூங்கில் போய், கவட்டைக் கிளையும் இரப்பர்ப் பட்டையும் வந்த பின்னும் சிற்றூர்ச் சிறுவர் அதனை உண்டிவில் என்றும் உண்டிகோல் என்றும் வழங்கினர். கருவி மாறியும் சொல் மாறவில்லை!

'வேட்டையே குற்றமாகிவிட்ட நாளில் வேட்டைச் சொல் எதற்கு?' என்பார் உளர். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் கவுதாரியையும் உடும்பையும் காக்கின்றது, காத்தலே முறை. ஆயினும் அதே 1972இல்தான் மியூனிக்கு நகர் ஒலிம்பிக்கில் விற்போட்டி நெடுங்கால இடைவெளிக்குப்பின் மீண்டும் இடம்பெற்றது. காட்டில் ஓய்ந்த வில் ஆடுகளத்தில் எழுந்தது. எழுந்த வில்லுக்குத் தமிழ்நாட்டில் தமிழ்ப்பெயர் இல்லை என்பது போல் 'ஆர்ச்சரி' என்றும் 'ஆரோ' என்றும் கூவுதல் தகுமோ?

வில், நாண், அம்பு, கணை, பகழி, கோல் எனச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. சிலை என்பது ஒரு மரத்தின் பெயர், வில்லின் பெயருமாம். கல்லைக் குறித்த வடசொல் அதன்மேற் படிந்தமையால், இன்று சிலை என்றால் கல்லுருவம் ஒன்றே நினைவுக்கு வருகின்றது. ஒரு சொல் மறையுங்கால் ஒலி மட்டும் மறைவதில்லை. எந்த மரம், எந்த நார், எவ்வளவு விசை, எவ்வுயிர்க்கு எந்த முனை என்னும் பட்டறிவும் உடன் மறைகின்றது.

ஆதலின் விற்பயிற்சி தரும் ஆசிரியர் தம் மாணவர்க்கு நாணையும் கணையையும் தமிழிலேயே காட்டுக. பெற்றோர் உண்டைவில்லின் அமைப்பைப் பிள்ளைகட்கு வரைந்து விளக்குக. உயிர்மேல் அம்பு விட வேண்டா; குறிப்பலகைமேல் விடுக. அசோகன் தூண் நிற்கும் நகரிலும் வில்லின் சொல் தமிழாகவே ஒலிக்கட்டும்!