80% பணம் மத்திய அரசே தருது... அப்புறமும் சின்ன மியூசியங்கள் தவிப்பது ஏன்?

வீடு கட்ட குழி தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைத்தது என்ற செய்தியை அடிக்கடி பார்த்திருப்பீங்க. தாசில்தார் வருவார், ஊரே கூடி மாலை போட்டு கும்பிடும். அதோடு செய்தி முடிஞ்சிடும். ஆனா, அந்தச் சிலை அப்புறம் எங்கே போகுது?

1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அப்படிக் கிடைத்தவற்றில் பல, கடைசியில் வந்து சேரும் இடம் அரசு அருங்காட்சியகம். தமிழ்நாட்டில் 1851-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் மியூசியத்தைத் தவிர, 1910-ல் தொடங்கிய புதுக்கோட்டை உள்பட 20-க்கும் மேற்பட்ட மாவட்ட மியூசியங்கள் இருக்கின்றன. இவை போக, அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்துபவை தனி.

இந்தச் சின்ன மியூசியங்களை வளர்க்க அரசிடம் திட்டம் இருக்கா? இருக்கு.

என்ன திட்டம்?

மத்திய கலாசார அமைச்சகத்தின் 'மியூசியம் கிராண்ட் ஸ்கீம்'தான் அது. மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு, பதிவு பெற்ற சங்கம், அறக்கட்டளை ஆகியவை நடத்தும் மியூசியங்கள் விண்ணப்பிக்கலாம். புதிய மியூசியம் கட்ட, பழையதை மேம்படுத்த, சேகரிப்பை டிஜிட்டலுக்கு மாற்ற, ஊழியர்களுக்குப் பயிற்சி தர என நான்கு வேலைகளுக்கும் இதில் இடம் உண்டு.

உச்சவரம்புக்கு உட்பட்டு, பொதுவாக திட்டச் செலவில் 80% மத்திய அரசு தரும். மீதி 20% விண்ணப்பிப்பவர் பொறுப்பு. வடகிழக்கு மாநிலங்களுக்கு 90%.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், அந்த 20%. ஒரு அறக்கட்டளை மியூசியம் 1 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டால், 20 லட்சம் கையில் இருக்கணும். டிக்கெட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் பேர் வந்தால்தான் அந்தத் தொகை சேரும்.

இரண்டாவது, விரிவான திட்ட அறிக்கை. என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு செலவாகும் என்று முழுசா எழுதிக் கொடுக்கணும். இதை எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாததுதான் சின்ன மியூசியத்தின் அடிப்படைப் பிரச்னையே. அதாவது, உதவி அதிகம் தேவைப்படும் இடத்தால்தான் விண்ணப்பமே போட முடியாது.

மூன்றாவது, மானியம் ஒருமுறை வருவது. காப்பாட்சியர் சம்பளமோ மாதாமாதம் தேவைப்படுவது. கட்டடமும் கண்ணாடிப் பேழையும் வந்துவிடும். பேழைக்குள் இருப்பதைக் கவனிக்க யாரு?

பதிவேடு ஏன் முக்கியம்?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை, ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014-ல் அந்தச் சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அது நம்ம ஊர் சிலைதான் என்று காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-களில் கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம்.

மியூசியத்துக்கும் இதே கணக்குதான். படம், அளவு, வந்த தேதி எதுவும் பதிவாகாத பொருள் காணாமல் போனால், போனது என்னவென்றே சொல்ல முடியாது.

இதற்காகவே புனே சி-டாக் உருவாக்கிய 'ஜதன்' என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனா, பொருளை எடுத்து, படம் பிடித்து, விவரம் ஏற்ற ஒரு ஆள் உட்கார வேண்டுமே!

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் 1988 முதல் மியூசியங்களுக்கு அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. பதிவேடு, பாதுகாப்பு எல்லாம் சரியாக இருந்தால்தான் அங்கீகாரம். சம்பளத்துக்கு வல்லுநர் வைக்க முடியாத சின்ன மியூசியங்களுக்கு, அனுபவமுள்ள மியூசியம் வல்லுநர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார்.

இன்னொன்று, ரோம் நகரில் இயங்கும் 'இக்ரோம்' அமைப்பும் யுனெஸ்கோவும் கொண்டுவந்த 'ரீ-ஆர்க்' முறை. 2011-ல் 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 1,500 மியூசியங்களிடம் நடந்த ஆய்வில், கிடங்கில் உள்ள சேகரிப்புகளில் 60% ஆபத்தில் இருப்பது தெரியவந்தது. அதற்கான தீர்வாக, 10,000 பொருட்கள் வரை உள்ள சின்ன மியூசியங்கள் குறைந்த செலவில் தங்கள் கிடங்கைத் தாங்களே ஒழுங்குபடுத்த இந்த முறை சொல்லித் தருகிறது.

தமிழ்நாட்டில் சாத்தியமா?

அடித்தளம் ஏற்கெனவே இருக்கு. எழும்பூர் மியூசியத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930-களிலிருந்தே இயங்குகிறது. மியூசியப் பொருட்களைப் பராமரிக்கப் பயிற்சியும் தந்திருக்கிறது. பச்சைப் பொடி பூத்து அரிக்கும் வெண்கலச் சிலையை ஆரம்பத்திலேயே கவனித்தால் காப்பாற்றிவிடலாம். அதைப் பார்த்ததும் அடையாளம் காணத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கணும், அவ்வளவுதான்.

18 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு மக்கள் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். நன்றாகக் காட்டினால் பார்க்க ஆள் வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

பெரிய மானியத்தோடு சில லட்சங்களில் சின்ன உதவி, விண்ணப்பம் எழுத வழிகாட்டி, பதிவேடு முடிக்கும் வரை ஒரு ஊழியர். மாவட்ட மியூசியங்களுக்கு உடனடித் தேவை இந்த மூன்றும்தான். அடுத்த முறை 'மியூசியத்துக்கு கோடிகள் ஒதுக்கீடு' என்று செய்தி வந்தால், ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க: அதில் பதிவேடு எழுதும் ஆளுக்கு எவ்வளவு?