ஏட்டுச் சுரைக்காயும் இணையச் சுரைக்காயும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இப்போது அந்தச் சுரைக்காய் ஏட்டில் இல்லை, இணையத்தில் பிடிஎஃப் கோப்பாகத் தொங்குகிறது. கறிக்கு உதவாத குணம் மட்டும் மாறவே இல்லை.

ஏதாவது ஒரு வகுப்பின் பெயரையும் பாடத்தின் பெயரையும் போட்டு, பக்கத்தில் 'பாடக்குறிப்பு' என்று தட்டிக் கூகிளாண்டவரிடம் கேட்டுப் பாருங்கள். வரம் உடனே கிடைக்கும். ஜூன் மூன்றாம் வாரம், ஜூலை முதல் வாரம் என்று வாரவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் கேட்காமலேயே வந்து விழுகிறது. எல்லாம் இலவசம், எல்லாம் தமிழில். ஆனால் திங்கட்கிழமை காலை கரும்பலகை முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு அதில் ஒரு வரியாவது கைகொடுக்குமா என்பதுதான் கேள்வி.

கைகொடுக்காது. ஏனென்றால் அது வகுப்பறைக்காக எழுதப்பட்டதே அல்ல. பார்வையிட வரும் அதிகாரியின் கையெழுத்துக்காக எழுதப்பட்டது.

யாருக்காக இந்த 'நோட்ஸ் ஆஃப் லெசன்'?

அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி... இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும் ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வரிசையில் தவறு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் கோளாறு. 'மாணவர்களின் முன்னறிவைச் சோதித்துப் பாடத்தை அறிமுகம் செய்தல்' என்று ஒரு வரி. எந்த முன்னறிவு? என்ன கேள்வி கேட்டுச் சோதிப்பது? குழந்தை தவறாகப் பதில் சொன்னால் அடுத்து என்ன? இதற்கெல்லாம் அங்கே இடமில்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இணையத்தில் கிடைத்த பாடக்குறிப்பில் 'பின்னங்கள்' என்ற தலைப்பை அழித்துவிட்டு 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் வரிகள் அப்படியே பொருந்தினால் அதில் பின்னமும் இல்லை, ஒளிச்சேர்க்கையும் இல்லை. வெறும் படிவம் மட்டும்தான் இருக்கிறது.

பாடத்தைப் படிகளாகப் பிரிக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட் (1776–1841) சொன்ன கருத்துகளை அவருடைய சீடர்கள் ஐந்து படிகளாக வகுத்தார்கள். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமையாக்கல், பயன்படுத்துதல் என்ற அந்த ஐந்தும் பி.எட். படித்த யாருக்கும் புதிதல்ல. படிகள் ஆசிரியர் யோசிப்பதற்காக வந்தவை. யோசிக்காமலேயே நிரப்பக்கூடிய படிவமாக அவை மாறியதுதான் சோகம்.

ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை

'வாத்தியார்கள் காப்பி பேஸ்ட் செய்கிறார்கள்' என்று குறை சொல்வது சுலபம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ 5. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் 1 முதல் 3 வரை எடுத்தால் மற்றவர் 4, 5 இரண்டையும் எடுக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று வகுப்புக்கு 5 பாடம், ஆக 10 பாடங்கள். பத்துக்கும் பத்துத் தலைப்பின் கீழ் எழுது என்றால் அந்த மனிதர் என்ன செய்வார்? இதற்கு நடுவே பதிவேடுகள், செயலியில் வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு. அவர் தரவிறக்கம்தான் செய்வார். செய்யாவிட்டால்தான் ஆச்சரியம்!

ஆக, குற்றம் நகலெடுப்பவரிடம் இல்லை. நகலெடுத்தாலும் வேறுபாடு தெரியாத ஒன்றைக் கேட்பவரிடம் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சாட்சியும் உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இன்று அதனிடமோ அது போன்ற வேறொன்றிடமோ 'நான்காம் வகுப்புக் கணக்குக்குப் பாடக்குறிப்பு' என்று கேட்டால் அரை நிமிடத்தில் அழகாக எழுதித் தந்துவிடும். ஒரு குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காத இயந்திரம் எழுதிய குறிப்பும், இருபது வருடம் வகுப்பெடுத்தவர் எழுதிய குறிப்பும் அதிகாரியின் மேசையில் ஒன்றுபோல் தெரிகின்றன என்றால், அந்த நோட்டு எதை அளக்கிறது? கையெழுத்து அழகையா?

கால் கிலோ தக்காளி

அப்படியானால் ஆசிரியருக்கு உண்மையிலேயே உதவுவது எது? பின்னங்களையே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டால் பல குழந்தைகள் நான்கில் ஒன்றுதான் பெரியது என்பார்கள். மூன்றைவிட நான்கு பெரியது என்பது அவர்களுடைய நியாயம். இது முட்டாள்தனமல்ல. முழு எண்களில் சரியாக இருந்த விதியைக் குழந்தை இங்கேயும் கொண்டுவருகிறது. இந்தத் தவறு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஆசிரியர், ஒரே அளவுள்ள இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வார். பாடம் அங்கே தொடங்குகிறது.

இன்னொரு விஷயம். கடைக்குப் போய்க் கால் கிலோ தக்காளியும் அரை கிலோ வெங்காயமும் வாங்கி வரும் குழந்தைக்குப் பின்னம் ஏற்கெனவே பாதி தெரியும். நான்கு கால் கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ என்பதை அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் கால், அரை, முக்கால் மட்டுமல்ல, அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று 320-இல் ஒரு பங்கு வரை பெயர் வைத்திருந்தார்கள். இப்படிப் பேரம் பேசியே பழகிய மொழியில் பின்னத்தை அந்நியப் பொருளாக அறிமுகம் செய்வது எவ்வளவு பெரிய வீண்!

இந்த இரண்டு செய்திகளும் ஒரு அஞ்சலட்டையில் அடங்கிவிடும். ஆனால் வகுப்பறையில் அவற்றின் மதிப்பு, நாலு பக்கப் பாடக்குறிப்பைவிட அதிகம். இணையத்தில் ஆசிரியர் தேட வேண்டியதும், ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் தர வேண்டியதும் இதுதான்.

பீட்சாவும் பனிமனிதனும்

தமிழில் சரக்கு இல்லை, ஆங்கிலத்தில் தேடு என்பார்கள் சிலர். அங்கே குவிந்து கிடப்பது உண்மைதான். நியூயார்க்கில் ஆசிரியராக இருந்த பால் ஈடல்மன் 2006-இல் தொடங்கிய 'டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்' தளத்தில் ஆசிரியர்களே தங்கள் பாடப் பொருள்களை விற்கிறார்கள். ஓர் ஆசிரியரின் உழைப்புக்கு இன்னோர் ஆசிரியர் விலை கொடுக்கிறார் என்பது மதிக்க வேண்டிய விஷயம். ஆனால் அமெரிக்க வகுப்பறைக்குச் செய்தது அமெரிக்க வகுப்பறைக்குத்தான் பொருந்தும். பின்னம் என்றால் பீட்சா. நாணயம் என்றால் டைம், குவார்ட்டர். குளிர்காலம் என்றால் பனிமனிதன்.

வெளிநாடு வேண்டாம், இந்தியா முழுமைக்கும் பொதுவாகச் செய்ததை எடுத்தாலும் சிக்கல் தீராது. பருவங்கள் பற்றிய பாடத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்று இருக்கும். தமிழ்நாட்டுக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஐப்பசியில் பள்ளிக்கு மழை விடுமுறை வாங்கிய குழந்தையிடம், மழைக்காலம் செப்டம்பரோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் அது எதை நம்பும்? வானத்தையா, வாத்தியாரையா?

எனவே எங்கிருந்து எடுத்தாலும் மாற்றித்தான் எடுக்க வேண்டும். மாற்ற முடியாத கோப்பாகப் பூட்டித் தருவது உதவியே அல்ல.

உருப்படியானவையும் உண்டு

எல்லாம் குப்பை என்று சொல்லிவிட முடியாது. மூன்று உதாரணங்கள் போதும்.

அரவிந்த் குப்தாவின் தளம். ஐஐடி கான்பூரில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கிளம்பியவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து அவர் செய்யும் உருவங்கள் புகழ்பெற்றவை. சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணத்தை அழுத்தினால் அசையவில்லை. பாலங்களிலும் கோபுரங்களிலும் முக்கோணம் ஏன் இருக்கிறது என்பது குழந்தையின் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. தமிழ் நூல்களும் அந்தத் தளத்தில் உண்டு.

ஃபெட். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, விசை, பின்னம் என்று குழந்தையே மாற்றி மாற்றி விளையாடிப் பார்க்கும் உருவகங்கள். இலவசம். சில தமிழிலும் கிடைக்கின்றன. தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத பள்ளியிலும் ஓடும்.

ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் திறந்தது. படிக்கும் நிலைக்கேற்பப் பிரித்த கதைகள் தமிழிலும் இருக்கின்றன. யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். உரிமமே அதற்கு இடம் தருகிறது.

மூன்றுக்கும் பொதுவான குணம் என்ன? எதுவும் பாடக்குறிப்பில்லை. சமைத்த சோற்றைப் பொட்டலம் கட்டித் தராமல் அரிசியும் காய்கறியும் தருகின்றன. எந்த வகுப்புக்கு எவ்வளவு காரம் என்பது சமைப்பவருக்குத் தெரியும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2017-இல் தீக்ஷா தளம் வந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இடம்பெற்றது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2022-இல் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பார்க்கும் எண்ணும் எழுத்தும் திட்டம். நல்ல முயற்சிகள்தான். ஆனால் இவற்றில் பாதை மேலிருந்து கீழே வருகிறது. காணொலி பேசுகிறது, ஆசிரியர் கேட்கிறார். மேலிருந்து வந்ததைப் பயன்படுத்தினாரா என்று கேட்க ஆள் உண்டு. பயன்படுத்தியபோது எங்கே இடறியது என்று கேட்க ஆள் இல்லை.

தேடும்போது கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

1. குழந்தைகள் எங்கே தவறு செய்வார்கள் என்று இதில் இருக்கிறதா?
2. வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி, கேள்வியாகவே இருக்கிறதா? 'வினாக்கள் கேட்டல்' என்று மட்டும் இருந்தால் மூடிவிடலாம்.
3. ஊரில் கிடைக்கும் பொருளை வைத்துச் செய்ய முடியுமா?
4. மாற்றி எழுத முடியுமா, அனுமதி உண்டா?

தேடும் சொல்லையும் மாற்ற வேண்டும். 'லெசன் பிளான்' என்று தேடினால் படிவம்தான் வரும். பாடத் தலைப்போடு 'மிஸ்கன்செப்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தேடினால், குழந்தைகள் எப்படியெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கவனித்து எழுதியவை மேலே வரும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்பதானாலும் குறிப்பு எழுதச் சொல்லாமல், குழந்தைகள் செய்யக்கூடிய பத்துத் தவறுகளைக் கேட்கலாம். சரிபார்க்கும் வேலை ஆசிரியருடையது.

'நோட்டு கேட்காவிட்டால் தயாரிப்பே நடக்காது'

அதிகாரிகள் தரப்பில் வரும் வாதம் இது. புதிதாக வேலைக்கு வந்தவருக்கு ஒரு வழிகாட்டி தேவை என்பது உண்மை. அதற்காக நாற்பது பாடம் நடத்திய கைக்கும் அதே கட்டு எதற்கு? நோட்டு கேட்பதால் நடப்பது நோட்டுத் தயாரிப்பு, பாடத் தயாரிப்பல்ல.

ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேறொரு வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் குழந்தைகளைக் கவனிக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துகிறார்கள். ஸ்டிக்லர், ஹீபர்ட் இருவரும் 1999-இல் எழுதிய 'தி டீச்சிங் கேப்' நூல் இதை மேலைநாடுகளில் பரவலாக அறியச் செய்தது. அங்கே பாடக்குறிப்பு வகுப்புக்குப் பிறகும் வளர்கிறது. இங்கேயோ கையெழுத்தோடு செத்துவிடுகிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பாடத்துக்கு முன் நாலு பக்கம் கேட்பதை நிறுத்திவிட்டு, பாடத்துக்குப் பின் அரைப் பக்கம் கேட்கட்டும். என்ன கேள்வி கேட்கப்பட்டது, குழந்தைகள் எங்கே இடறினார்கள், நாளை என்ன மாற்றம். இந்த அரைப் பக்கத்தை நடத்தியவரைத் தவிர வேறு யாராலும் உண்மையாக எழுத முடியாது. பொய்யாக எழுதினால், வகுப்பில் இரண்டு குழந்தைகளிடம் பேசிப் பார்க்கும் அதிகாரிக்கு அது தெரிந்துவிடும். அந்த அரைப் பக்கங்களைத் தலைப்புவாரியாகத் தொகுத்து, யாரும் எடுக்கலாம், மாற்றலாம் என்று இணையத்தில் போட்டால், எந்த நாட்டுத் தளத்திலும் இல்லாத சொத்து தமிழில் சேரும்.

அதுவரை வாரந்தோறும் கோப்பு வரும், நோட்டு நிறையும், கையெழுத்து விழும். நான்காம் வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் குழந்தை மட்டும், மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றுதான் பெரியது என்று நம்பிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் போகும்.